கை மட்டும் விழித்திருந்தது

மயக்க மருத்துவரிடம் நோயாளிகள் கேட்பது ஒரே ஒரு கேள்வி. கத்தி பிடிக்கிற டாக்டரிடம் எத்தனை தையல், எப்போது குளிக்கலாம், கோழி சாப்பிடலாமா என்று ஊர்க்கதை எல்லாம் கேட்பார்கள். தள்ளுபடுக்கையில் படுத்து, கூரை விளக்குகள் தலைக்கு மேல் ஓட ஆரம்பித்த பிறகு, தலைமாட்டில் நிற்கிறவரைப் பார்த்து, "வலிக்குங்களா?" என்பார்கள். மஞ்சள் மண்டி முதலாளியும் அதைத்தான் கேட்பார், அவரிடம் மூட்டை தூக்குகிறவரும் அதைத்தான் கேட்பார். ஈரோட்டின் அந்தப் பெரிய தனியார் மருத்துவமனையில் மயக்கப் பிரிவின் தலைவியாக இருந்த டாக்டர் பூங்கோதை, முப்பது வருடமாக அதற்கு ஒரே பதில் வைத்திருந்தாள். "வலிக்காது கண்ணு. நான் இருக்கறனல்ல."

தொப்பி வந்த பிறகு அந்தப் பதிலைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "ஒண்ணும் ஞாபகம் இருக்காது" என்று சொல்லிப் பழகினாள். நோயாளிகள் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார்கள்.

தொப்பி பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நீச்சல் குளத்தில் போடுகிற மாதிரி சாம்பல் நிற ரப்பர் தொப்பி, உள்பக்கம் முழுக்க நகக்கண் அளவில் காந்தங்கள். அது தலையில் இருக்கிற வரைக்கும் மூளை எதையும் எழுதி வைத்துக்கொள்ளாது. நோயாளிக்குக் கடைசியாக நினைவிருப்பது கூரை விளக்கு, அதற்கு அடுத்தது வார்டில் யாரோ ஆற்றுகிற காபியின் வாசனை. தொப்பியோடு கூட, உடம்பு அசையாமல் கிடக்கத் தசையைத் தளர்த்தும் மருந்து ஒன்று. நாடித்துடிப்பு எகிறினால் இயந்திரமே பார்த்து அடக்கிவிடும் மருந்து இன்னொன்று. ஆழ்ந்து தூங்க வைக்கும் வாயு வேண்டாம், வலி மருந்து வேண்டாம். காலையில் குடலில் கட்டி எடுத்தவர் மதியம் எழுந்து உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். வாந்தி கிடையாது, மயங்கியவர் எழுந்திருப்பாரா என்ற பயம் கிடையாது. மயக்கம் தாங்க மாட்டார் என்று கோவையிலும் சென்னையிலும் கைவிரித்த கேஸ்கள் எல்லாம் ஈரோட்டுக்கு வந்து சேர்ந்தன. நிர்வாகம் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியது.

பூங்கோதைக்கு ஒரு பழக்கம் உண்டு. அதை வைத்து எல்லோரும் அவளைக் கிண்டல் செய்வார்கள். தசையைத் தளர்த்தும் மருந்து உடம்பில் ஏறுவதற்கு முன், நோயாளியின் வலது மேல்கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி இறுக்கிவிடுவாள். மருந்து அந்தக் கைக்கு மட்டும் போய்ச் சேராது. உடம்பெல்லாம் கட்டையாகக் கிடக்கும்போதும் அந்த ஒரு கை அசைய முடியும். அதைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "வலிச்சா என் கைய அமுத்து கண்ணு" என்பாள். படிக்கிற காலத்தில் ஒரு பெண் பாதி அறுவையில் விழித்துக்கொண்டு, கத்தவும் முடியாமல் கண்ணைத் திறக்கவும் முடியாமல் கிடந்ததைப் பிற்பாடு சொல்லிக் கேட்டவள் அவள். அன்றைக்குப் பிடித்த பழக்கம். "மேடம் கைரேகை பாக்கறாங்க, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று அறுவை அரங்கில் சொல்லிச் சிரிப்பார்கள். பழைய மயக்கத்தில் அந்தக் கைகள் ஏறக்குறைய எப்போதும் சும்மாதான் கிடந்தன.

தொப்பி வந்த பிறகு அவள் பிடித்த முதல் கை பாவாயம்மாளுடையது. அதற்குப் பிறகு தொப்பி போட்ட இன்னொருவர் கையைப் பிடிக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

பாவாயம்மாள், அவளுக்குக் கீழே வேலை பார்த்த டாக்டர் தரணிதரனின் அம்மா. காங்கயம் பக்கத்துக்காரர். வயிற்றில் கட்டி, கூடவே நுரையீரலும் இதயமும் போட்டி போட்டுக்கொண்டு கெட்டுப்போயிருந்தன. முதுகெலும்பு வளைந்திருந்ததால் முதுகில் ஊசி போட்டு மரக்க வைக்கவும் வழியில்லை. வலி மருந்து கொடுத்தால் திரும்ப மூச்சு எடுப்பாரோ மாட்டாரோ. தொப்பி ஒன்றுதான் வழி. தரணிதரன் தன் கையாலேயே அம்மாவின் நரைமுடியை ஒதுக்கித் தொப்பியை மாட்டிவிட்டு, இயந்திரத்தின் திரைக்கு முன் போய் உட்கார்ந்தான். திரை தெளிந்த குளம் மாதிரி இருந்தது. கையைப் பிடித்திருந்த பூங்கோதைக்கு மட்டும்தான் தெரியும். கத்தி வைத்த மறுநொடி அந்த எலும்புக்கை அவள் விரல்களைப் பற்றியது. தற்செயலாக இருக்கலாம் என்று, "வலிச்சா ரெண்டு தடவ அமுத்துங்கம்மா" என்று காதில் சொன்னாள். கை இரண்டு தடவை அமுக்கியது. பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. மூன்று மணி நேரமும் "நான் இருக்கறன், நான் இருக்கறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் பாவாயம்மாள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். சட்னியில் காரம் போதவில்லை என்று குறை சொன்னார். இரண்டு வருடமாகிறது, இன்றைக்கும் தோட்டத்தில் ஆட்டுக்குட்டிகளைத் துரத்திக்கொண்டும் கல்யாணம் காட்சிக்குப் போய்க்கொண்டும் நன்றாகத்தான் இருக்கிறார். பூங்கோதை தரணியிடம் எதையும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

ஆனால் கூட்டங்களில் அவள் சும்மா இருக்கவில்லை. யார் பெயரையும் எடுக்காமல், தொப்பிக்குள் இருக்கிறவருக்கு வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். மரக்க வைக்கும் ஊசியைப் போட்டுவிட்டுத் தொப்பியை மாட்டுங்கள், ஆளுக்கு இருபது நிமிடம்தான் கூட ஆகும், முடியாதவர்களுக்கு மட்டும் வெறும் தொப்பி போதும் என்றாள். மருத்துவ இயக்குநர் லோகநாதன் மரியாதை தெரிந்த மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். அந்த இருபது நிமிடம் யாருக்காக என்று மட்டும் கேட்டார். நோயாளிகளைக் கூப்பிட்டுக் கேட்டால் எல்லோரும் சுகமாகத் தூங்கினோம் என்கிறார்கள், அவர்களே படாத வலியை மேடம் எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள் என்றார். அவளுடைய சாட்சிகள் எல்லோரும் அவளுக்கு எதிராகவே சாட்சி சொன்னார்கள்.

தரணியும் இயக்குநர் பக்கம்தான். தேநீர் அறையில் அவளோடு மணிக்கணக்கில் வாதாடுவான்.

"ஆளில்லாத ஊட்ல டிவி ஓடற மாதிரிங்க மேடம். ஓடுது, சரி. பாக்கறதுக்கு யாரு இருக்கறா?" என்றான் ஒருநாள்.

"நம்ம வேல என்ன தரணி? தூங்க வெக்கணும், வலி தெரியாமப் பாத்துக்கணும், ஒடம்பு அசையாம வெக்கணும், நடந்தது மறந்து போகணும். அதுக்குள்ள உசுரக் கையில புடிச்சுக் காபந்து பண்ணணும். கட்டிலுக்கு நாலு கால். நீங்கெல்லாம் ரெண்டு காலக் கழட்டிட்டு, படுத்தவர் வந்து உழுந்தேன்னு சொல்லலியேன்னு கேக்கறீங்க."

"எங்கம்மா இன்னைக்கு உசுரோட இருக்கறாங்கன்னா அந்த ரெண்டு கால் கட்டில்தானுங்க காரணம்" என்றான் தரணி. அதற்கு மேல் அவளால் ஏன் பேச முடியவில்லை என்று அவனுக்குத் தெரியாது. தன் வாதம் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தான்.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். நிறைமதி வந்து சேர்ந்தாள். ஐந்து வயது. கல்யாண மண்டபத்தில் கொதிக்கிற சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் ஓடிப்பிடித்து விளையாடி, இடுப்பிலிருந்து முழங்கால் வரை வெந்து போயிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, மறுபடி கட்ட வேண்டும். அந்தச் சின்ன உடம்பை ஒவ்வொரு தடவையும் ஆழத் தூங்க வைத்து எழுப்புவது பூங்கோதைக்கே கவலையாக இருந்தது. லோகநாதன் வந்து, அடுத்த மாதத்திலிருந்து குழந்தைகள் பிரிவுக்கும் தொப்பி, முதலில் இந்தக் குழந்தைக்கு, பிரிவுத் தலைவி சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். அவள் சொல்லாமல் குழந்தைகள் தலையில் தொப்பி ஏறாது என்பது விதி.

நிறைமதிக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. மறுநாள் கட்டுப் பிரிக்கப் போகும்போது பூங்கோதையின் சேலைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினாள்.

"டாக்டரத்தை, தொப்பி போட்டா வலிக்காதா?"

பூங்கோதை பதில் சொல்லாமல் அவள் தலையைத் தடவிவிட்டு வந்தாள். முப்பது வருடத்தில் அந்தக் கேள்விக்கு அவள் வாய் திறக்காதது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே நினைவு. ஒருவேளை லோகநாதன் சொல்வது சரியோ? உயிருக்குப் போராடிய ஒரு கிழவியின் கை அமுக்கியதை வைத்துக்கொண்டு, தான்தான் இல்லாததை எல்லாம் கற்பனை செய்கிறேனோ? அவளுக்குப் பித்தப்பையில் கல் இருந்தது. எடுத்துவிடச் சொல்லி ஒரு வருடமாக எல்லோரும் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் நேரே போய்த் தரணியைப் பிடித்தாள்.

தன் கல்லை வெறும் தொப்பியிலேயே எடுக்கட்டும், மயக்கம் நீ கொடு என்றாள். வலது கையில் பட்டையைக் கட்டிவிட்டு, முடிகிற வரை கையை நீயே பிடித்திரு. என்ன ஆனாலும் கடைசித் தையல் போடுகிற வரை வலி மருந்து கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை. கை அசையவில்லை என்றால் நான் குழந்தைகளுக்குச் சரி சொல்லிவிடுகிறேன், இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். தரணி முதலில் சிரித்தான், பிறகு மறுத்தான், அவள் முகத்தைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டான். லோகநாதனுக்கும் சொல்லியாயிற்று. அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

தள்ளுபடுக்கையில் படுத்தபோது கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் ஓடின. இத்தனை வருடத்தில் அவற்றை அவள் கீழேயிருந்து பார்த்ததே இல்லை. தொப்பி சில்லென்றிருந்தது. "வலிக்குமா தரணி?" என்று கேட்கத் தோன்றியது, கேட்க வெட்கமாக இருந்தது.

அடுத்த நொடி காபி வாசனை வந்தது.

கூடுதுறை ஆற்றில் முங்கி எழுந்த மாதிரி, மனசைக் கழுவிவிட்டது போலிருந்தது. வயிற்றில் நாலு இடத்தில் லேசாகச் சுருக்கென்றது, அவ்வளவுதான். பசித்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரணி நின்றுகொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு?"

"கை அசையவே இல்லீங்க மேடம்" என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருடமாகச் சுமந்தது இறங்கிய சிரிப்பு. பாவாயம்மாளின் கை ஏதோ நரம்பின் துடிப்பாக இருந்திருக்கும், இரண்டு தடவை என்பது தன் மனசு எண்ணிக்கொண்டது. அந்தக் கிழவி வலியே படவில்லை. வாதத்தில் தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது. வாங்கி வந்த இட்லியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி முழுக்க அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

காலையில் லோகநாதன் வருவதற்குள் பல்லைத் தேய்த்துத் தலை வாரி உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகப் பார்த்தாள், முடியவில்லை. வலது கை விரல்கள் கெஞ்சின. கல்யாண வீட்டுக்கு மாவு பிசைந்து முடித்த கை மாதிரி, உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை வலித்தது. பட்டை கொஞ்சம் இறுக்கமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பட்டை மேல்கையில்தான் கட்டுவது, விரல் ஏன் வலிக்க வேண்டும் என்ற கேள்வி வந்தது. அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். சந்தோஷமாக இருக்கிற மனசு சௌகரியமான பதிலைத்தான் எடுத்துக்கொள்ளும்.

தரணி தேநீர் கொண்டுவந்தான். பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு தம்ளர்களையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்திருந்தான். அது இடது கை. வலது கை பேண்ட் பையில் இருந்தது. லோகநாதனிடம் சரியென்று சொல்லப் போவதை அவள் சொன்னாள். அவன் தேநீரை ஊற்றிக்கொண்டே, "சொல்லுங்க மேடம்" என்றான். இடது கையால் ஊற்றியதில் பாதி மேசையில் கொட்டியது.

"அந்தக் கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. கதவுல நசுங்கிருச்சு."

"காட்டு, சாமி."

அவன் காட்டவில்லை. அவளே எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். புறங்கை வீங்கியிருந்தது. அதன் மேல் நீலமாக, பக்கத்தில் பக்கத்தில் நாலு தடம். கட்டைவிரல் பக்கத்தில் இன்னொன்று. எந்தக் கதவும் அப்படி நசுக்காது. பூங்கோதை தன் வலது கையை அவன் கைமேல் மெதுவாக வைத்தாள். நாலு விரலும் நாலு தடத்தின் மேலும் போய் அப்படியே உட்கார்ந்தன.

வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"எப்ப?" என்றாள்.

"மொதல் கீறல்லயேங்க. ஒருக்கா அமுத்திட்டு உட்ருவீங்கன்னு பாத்தேன். உடல. காதுல சொன்னனுங்க, நான் இருக்கறன்னு. இன்னும் எச்சா இறுக்கிப் புடிச்சீங்க." அவன் கொட்டிய தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "திரையில ஒண்ணுமே இல்லீங்க மேடம். துடிப்பு எழுபதுல நிக்குது. சர்ஜன் பாட்டுக் கேட்டுட்டு வேல செய்யறாரு. எனக்கு மட்டுந்தான் தெரியுது."

"நான் சொன்னபடி கடைசி வரைக்கும் உக்காந்திருந்தியா?"

"இல்லீங்க. வலி மருந்து குடுத்துட்டேன். சித்த நேரங்கூட என்னால முடியல. அப்பறந்தான் உங்க கை தளந்துச்சு."

"முழிச்சா எனக்கு ஞாபகமே இருக்காதுன்னு உனக்குத் தெரியுமே தரணி."

"தெரியுமுங்க" என்றான். "அந்நேரத்துக்கு அது நெனப்புக்கே வரல."

பூங்கோதை தனக்குள் தேடிப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. கூரை விளக்கு, காபி வாசனை. நடுவில் ஒருத்தி இந்தக் கையை உயிரைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள், அவள் பட்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல உலகத்தில் யாருமில்லை. தன்னிடம்கூட அவள் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பூங்கோதைக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. முகம் தெரியாத ஏதோ ஒரு நோயாளிமேல் வருகிற இரக்கம்தான் அது, ஆனால் கண் நிறைந்துவிட்டது.

ஏன் மறைத்தாய் என்று கேட்டாள். சொல்லத்தான் வந்தேன், நீங்கள் கண் விழித்துச் சிரித்தீர்கள் என்றான் தரணி. அதோடு, தொப்பி போட்டு அனுப்பிய அத்தனை பேரும் நல்லாத் தூங்கினோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். இப்போது போய் இல்லை, நீங்கள் துடித்தீர்கள் என்று சொல்வதா? அந்த அத்தனை பேர் என்று அவன் சொன்னது ஒருவரைத்தான் என்பது அவளுக்குப் புரியாமலில்லை.

"அவங்களுக்குச் சொல்ல வேண்டாம்" என்றாள். "முடிஞ்சது முடிஞ்சுது. இனி வர்றவங்களுக்குப் பாக்கலாம். வேற வழியே இல்லாதவங்களத் தவிர, மரக்க வெக்காம இந்த ஆஸ்பத்திரில யாரு தலைலயும் தொப்பி ஏறக் கூடாது, கொழந்தைகளுக்கு ஏறவே கூடாது. லோகநாதன் சாட்சி கேட்டாருல்ல, நம்ம ரெண்டு பேரு கையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டலாம். வருவியா?"

அவன் யோசித்தான். காட்டினால் இந்த இடத்தில் அவன் வேலை என்னாகும் என்று இருவருக்கும் தெரியும். "நிறைமதிக்கு இன்னைக்குக் கட்டு மாத்தணுமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் எழுந்திருக்கத் தோளைக் கொடுத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் செருப்பில் காலை நுழைத்தாள். அந்தக் குழந்தைக்கு இன்றைக்குப் பதில் சொல்லிவிடலாம்.

கதவருகே போனதும் தரணி நின்றுவிட்டான். கைப்பிடியில் கையை வைத்தபடி, திரும்பாமலே கேட்டான்.

"மேடம், எங்கம்மாவுக்கு அன்னைக்கு நீங்கதானுங்க கையப் புடிச்சிருந்தீங்க."

"ஆமா."

"அமுத்துனாங்களா?"

பூங்கோதைக்கு அந்த எலும்புக்கையின் சூடு விரல்களில் அப்படியே திரும்ப வந்தது. முதலில் ஒரு தடவை, கேட்டதும் இரண்டு தடவை, பிறகு மூன்று மணி நேரம். அவன் இப்போது திரும்பி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தள்ளுபடுக்கையில் படுத்திருக்கிறவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

"இல்ல கண்ணு" என்றாள். "கை பஞ்சாட்டமா சும்மா கெடந்துச்சு. அவங்க நல்லாத் தூங்கிட்டிருந்தாங்க."

முப்பது வருடமாக "வலிக்காது" என்று சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். அது இத்தனை நாள் கழித்து, தடுமாறாமல் வந்தது. தரணி அவள் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "சரீங்க மேடம்" என்று வீங்கிய கையாலேயே கதவைத் திறந்து, அவள் முன்னால் போக வழிவிட்டான்.